வலது முழங்கால்

பயிற்சி முகாம், மாஸ்கோவுக்கு வெளியே
டிசம்பர் 5

அண்ணா,

இதைத் தபாலில் போடவில்லை. இங்கே தபாலில் போடுகிற கடிதத்தைப் பசை காய்வதற்குள் யாராவது பிரித்துவிடுகிறார்கள். கேன்டீன் ஸோயா அக்கா, பெர்ம் ரயிலில் டீ கொடுக்கிற பெண்ணிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். நீயும் பதிலை அவள் கையிலேயே கொடு.

ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. டைப் அடித்தது, கீழே பெயர் இல்லை. "மத்வேய் லாப்தேவ் தன் வலது முழங்கால் காயத்தை மறைக்கிறான். அவனை ஒலிம்பிக்குக்கு அனுப்பினால் தேசத்துக்குத்தான் தலைகுனிவு." மொத்தம் இரண்டே வரி. கோச் கிளாவ்தியா ஸ்தெபானவ்னா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டடா வாயத் தொறந்த?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்ப கடுதாசி தானா நடந்து வந்துச்சாக்கும்?"

உனக்குத் தெரியும், இந்த முறை ஆண்களுக்கு இரண்டே இடம். ஒன்று தேசியச் சாம்பியனுக்குப் போய்விட்டது. மற்றது எனக்கா, பெகேத்தவுக்கா என்பது ஜனவரி மூன்றாம் தேதி, கதவடைத்து நடத்தும் தேர்வில் முடிவாகும். அதற்கு முன்னால் 15ஆம் தேதி மருத்துவக் குழு என்னைப் பரிசோதிக்கப் போகிறது. முழங்காலில் ஒரு கீறல் தெரிந்தாலும் நான் வீட்டுக்கு வர வேண்டியதுதான். இருபத்து மூன்று வயது ஆகிறது, இன்னும் நான்கு வருஷம் என்னை எவன் வைத்துக்கொண்டிருப்பான்?

பெகேத்தவும் நானும் ஒரே அறை. இந்த வாரம் மட்டும் இரண்டு முறை "உடம்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்டான். ஐந்து வருஷத்தில் அவன் என் உடம்பைப் பற்றிக் கேட்டதே கிடையாது. மசாஜ் செய்கிற ஆளும் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. யார் என்று தெரியாமல் சூப்பைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறேன்.

அக்டோபரில் அம்மா பிறந்தநாளுக்கு வந்தபோது நான் முழங்காலில் கட்டுப் போட்டிருந்ததை நீயும் பார்த்தாய். யாரிடமாவது சொன்னாயா? வாய் தவறி, உன் பாலே கூட்டத்து நண்பர்களிடம்? கோபப்படாதே, கேட்டாக வேண்டியிருக்கிறது.

மத்வேய்


பெர்ம்
டிசம்பர் 10

அடேய் தம்பி,

கோபப்படாதே என்று எழுதிவிட்டுக் கேட்டால் கோபம் வராதா? உன் கடிதம் வந்தபோது நான் பாதிக் கரடியாக இருந்தேன். தலையை மாட்டவில்லை, உடம்பு மட்டும் மாட்டியிருந்தேன். புத்தாண்டு சீசன், ஒரு நாளைக்கு மூன்று காட்சி. அந்தத் தோலுக்குள் வியர்த்து ஊற்ற ஊற்ற நின்றுகொண்டே படித்தேன். எங்கள் பனி பாலேயில் நரியாக வருகிறவள், "யாரு செத்துட்டா, நஸார்?" என்று கேட்டாள். முகம் அப்படி இருந்ததாம்.

நான் யாரிடம் சொல்வேன்? என் கூட்டாளிகளுக்கு ஒலிம்பிக்கும் ஒன்றுதான், உருளைக்கிழங்கும் ஒன்றுதான்.

சந்தேகப்படுவதானால் சரியான இடத்தில் சந்தேகப்படு. உன் அறைக்கதவுக்கு வெளியே கிளாவ்தியா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை விட்டுவிட்டாயே! என் முழங்காலுக்கு இரண்டு குளிர்காலம் ஊசி போட்டவள் அவள். "வலி உன் மூளையிலதான் இருக்கு, முட்டியில இல்ல" என்று சொல்லிச் சொல்லியே போட்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒலிம்பிக்குக்குப் போக விமான நிலையத்தில் பெட்டியோடு வரிசையில் நின்றேன். பெயர்ப் பட்டியல் வாசித்தார்கள், என் பெயர் இல்லை. அவள் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அப்படியே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு நீயும் ஒன்றுதான், பெகேத்தவும் ஒன்றுதான், எந்தக் குதிரை ஓடினாலும் அவள் ஜெயிப்பாள்.

பெகேத்தவின் அம்மாவையும் மறந்துவிடாதே. அந்த அம்மாள் சங்கத்து ஆபீசில்தான் டைப் அடிக்கிறாள் என்று கேள்வி.

முழங்காலை ஒழுங்காகப் பார்த்துக்கொள். அந்தக் குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால்தான் என்ன? கால் இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம்.

நஸார்


முகாம்
டிசம்பர் 17

அண்ணா,

எக்ஸ்ரே படம் எடுத்துவிட்டார்கள். வலது முழங்கால் சுத்தமாக இருக்கிறது. மருத்துவக் குழுவிலிருந்த பேராசிரியர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இந்த முட்டியைப் பாடப்புத்தகத்துல போடலாம்" என்றார். சங்கத்துத் துணைத் தலைவர் அங்கேயே சான்றிதழில் முத்திரை குத்திவிட்டார். பூரண ஆரோக்கியம். மொட்டைக் கடிதம் அவதூறு என்று கோப்பில் எழுதியாகிவிட்டது. பெகேத்தவ் இரவுச் சாப்பாட்டுக்கே வரவில்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

என் வலது முழங்காலில் ஒன்றுமே கிடையாது அண்ணா. எப்போதும் கிடையாது. நம் தொழிலில் வலிக்கிற இடத்தை எவனும் காட்டுவதில்லை. உன் காலத்திலும் அப்படித்தான். ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், செய்தி வெளியே போனால் யார் வழியாகப் போனது என்று தெரிந்துவிடும். பெகேத்தவிடம் முதுகு என்று சொன்னேன். மசாஜ்காரனிடம் இடுப்பு. கிளாவ்தியா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு வசதி.

வலது முழங்காலை ஒரே ஓர் ஆளுக்குத்தான் காட்டினேன். அம்மா வீட்டுச் சமையலறையில், ஸ்டூலில் உட்கார்ந்து, நீ பார்க்கும்போது கட்டினேன்.

மொட்டைக் கடிதத்தை முதல் முறை படித்தபோதே தெரியும். முதல் கடிதத்தில் உன்னை விசாரித்தது, நீயாகச் சொல்வாய் என்றுதான். நீ பெகேத்தவின் அம்மாவைக் காட்டினாய். அந்த அம்மாள் பால் பண்ணையில் வேலை செய்கிறாள்.

ஆம், இல்லை, இரண்டில் ஒரு வார்த்தை எழுது. கரடிக் கதை வேண்டாம்.

மத்வேய்


பெர்ம்
டிசம்பர் 22

மத்வேய்,

ஆம்.

நான்தான். நம் மாவட்ட நூலக மெஷினில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தேன். போதுமா? பெற்ற தாயின் அடுப்பங்கரையில், அவள் உனக்குக் காளான் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது, கூடப்பிறந்தவனுக்கு வலை விரித்தாயே, அதற்கு யார் மொட்டைக் கடிதம் போடுவது? எங்கள் காலத்தில் இந்தத் தந்திரத்தை எதிராளிக்குத்தான் செய்வோம். எனக்கே செய்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லையடா.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். மேடைக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டும்போதுதான் உறைத்தது.

அக்டோபரில் நீ அழுததை நான் கேட்டேன். மத்தியானம், குளியலறையில், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் தூங்குவதாக நினைத்தாய். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாய். அது நடிப்பில்லை, நடிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பு. முழங்காலில் ஒன்றும் இல்லை என்றால் அந்த வலி எங்கே?

நவம்பர் போட்டியை டிவியில் பார்த்தேன். பனியில் வட்டம் போடுகிற கட்டாயச் சுற்றில் உன் இடது கால் வட்டம் கோணியிருந்தது. ஆறு வயதிலிருந்து உன் வட்டம் கோணியதே இல்லை. வலது முழங்கால் வலியால்தான் பனியை உதைத்துக் கிளம்ப முடியவில்லை என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். முட்டாள். நாம் எழும்புவது இடது காலில், இறங்குவது வலதில். மறைக்கிறவன் இறங்குகிற காலைத்தான் காட்டுவான், அப்போதுதான் எல்லாரும் நம்புவார்கள்.

இடது பாதம்தானே? சொல்லடா. எலும்பா? எவ்வளவு நாளாக?

நான் எழுதியதால் அவர்கள் முழங்காலை மட்டும் பார்த்து முத்திரை குத்திவிட்டார்களா? கடவுளே, அதையாவது சொல்.

நஸார்


முகாம்
ஜனவரி 4

அண்ணா,

தேர்வு முடிந்தது. நான் போகிறேன். பெகேத்தவ் இரண்டாவது தாவலில் விழுந்து உட்கார்ந்துவிட்டான், நான் எல்லாவற்றிலும் நின்றேன். துணைத் தலைவர் கையைக் குலுக்கினார். நேற்றுச் சாயங்காலமே பெகேத்தவை லெனின்கிராத் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். போகும்போது, "உன் நடை சரியில்லடா, ஆனா நான் எதுவும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்ட மாதிரி காட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுபடியும் நூலகத்துக்குப் போவாய்.

நான் ஒன்று கேட்கிறேன், நிதானமாக யோசித்துப் பதில் சொல். என் காலுக்காகத்தான் எழுதினாய் என்றால் ஏன் பெயர் போடவில்லை? அண்ணன் நஸார் லாப்தேவ் என்று போட்டிருக்கலாம். ரயில் ஏறி வந்து வாசலில் நின்று கத்தியிருக்கலாம். நீ ஊர் ரகளைக்கு வெட்கப்படுகிற ஆள் இல்லை. திருடன் மாதிரி ஏன் டைப் அடித்தாய்? உனக்குக் கிடைக்காத வரிசையில் நான் நிற்கப் போகிறேன் என்பதாலா?

அம்மாவிடம் நான் போகிற செய்தியை நீயே சொல்லிவிடு. அவளிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

மத்வேய்


மாஸ்கோ, யரஸ்லாவ் ஸ்டேஷன்
ஜனவரி 13

தம்பி,

நேற்று முகாம் வாசலில் நின்றேன். கரடிக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு வந்தேன். காவல்காரன் உன்னைக் கூப்பிட மறுத்துவிட்டான், கிளாவ்தியாவைக் கூப்பிட்டான். நரித்தோல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள், கிழவியாகிவிட்டாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மத்வேய்க்கு இடது பாதம் உடைஞ்சிருக்கு. படம் எடுங்க," என்றேன்.

"உடைஞ்சிருக்கா? பேப்பர்ல பூரண ஆரோக்கியம்னு இருக்கே."

"முட்டிய மட்டும்தானே எடுத்தாங்க?"

"ஆமா. உனக்குத்தான் நன்றி சொல்லணும், நஸார். டாக்டர் குழு வழக்கமா இடுப்புல இருந்து கட்டைவிரல் வரைக்கும் படம் எடுக்கும். இந்தத் தடவை உன் கடுதாசி வந்துச்சா, அது பொய்னு காட்டுறதுலயே அவங்களுக்கு அவசரம். முட்டியப் பாத்தாங்க, மூடி வச்சிட்டாங்க. நானே யோசிச்சிருந்தாலும் இப்படி ஒரு வழி கெடச்சிருக்காது."

"நான்தான் எழுதினேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"உன்ன எட்டு வருஷம் வளத்தவடா நான். சரி, குளிருது, போய்ட்டு வா."

போய்விட்டாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் பாதத்தை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஏன் பெயர் போடவில்லை? ரயிலில் இருபது மணி நேரம் இதையேதான் யோசித்தேன். டைப் அடித்து முடித்ததும் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். பெயர் போட்டால் நீ என்னை வெறுப்பாய் என்பது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது. உறையை ஒட்டும்போது, "இவனும் போக மாட்டான்" என்று ஒரு நினைப்பு வந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததடா. ஒரு நிமிஷம்தான், ஆனால் இருந்தது. நீ குளியலறையில் அழுததற்காகத்தான் எழுதினேன், அது சத்தியம். இந்தச் சந்தோஷமும் சத்தியம். எது பெரியது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டவன் பெயர் எப்படிப் போடுவான்?

கூடவே ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். சங்கத்துத் தலைமைக்கு. "முதல் கடிதம் நான் எழுதியது, இடத்தைத் தவறாக எழுதிவிட்டேன், என் தம்பியின் இடது பாதத்தைப் படம் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண், கையெழுத்து எல்லாம் போட்டிருக்கிறேன். இதை நான் அனுப்பப் போவதில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை அனுப்பியது போதும். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

நஸார்


முகாம்
ஜனவரி 31

அண்ணா,

தலைமைக்கு நீ எழுதிய கடிதத்தைப் பதினாறு நாள் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டு முறை கிழிக்கப் போனேன். இது இன்னொரு தந்திரம் என்று ஒரு நாள் தோன்றும், இல்லை என்று மறுநாள் தோன்றும். போன திங்கள்கிழமை காலை பூட்ஸை மாட்டும்போது இரண்டு விரல் எனக்குச் சொந்தமானது மாதிரியே தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன், உணர்ச்சி இல்லை. ஆகஸ்டிலிருந்து வலி. முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, பிறகு எழும்பும்போதெல்லாம் பாதத்துக்குள் ஏதோ நகர்ந்தது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு துணைத் தலைவர் அறைக்கு நானே போனேன். படித்தார், மடித்தார், சிரித்தார்.

"உங்க குடும்பத்துல எல்லாருக்கும் கடுதாசி எழுதுற வியாதியா?"

"அவன் சொல்றது உண்மை சார். இடது பாதம். படம் எடுங்க."

"மொதல்ல வலது முட்டி. இப்ப இடது பாதம். அடுத்த வாரம் மூக்கா?"

"நானே சொல்றேனே. என் கால், எனக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாரு, தம்பி. படம் எடுத்தா படம்னு ஒண்ணு இருக்கும். அப்புறம் பேராசிரியர் கையெழுத்து என்னாகும்? என் முத்திரை என்னாகும்? பெகேத்தவோட பயண அனுமதிய போன வாரமே ரத்து பண்ணியாச்சு. உன் இடத்துல காத்தையா அனுப்புறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்ல, வெளிநாட்டுக்குப் போறதுல உனக்கு வேற ஏதாவது சிக்கலா? யாராவது உன்கிட்டப் பேசினாங்களா?" என்றார்.

அந்தப் பேச்சு எங்கே போகும் என்று உனக்குத் தெரியும், தேசத்துரோகம் வரைக்கும் போகும். "இல்ல சார், கொஞ்சம் பயம், அவ்வளவுதான்" என்றேன். தோளில் தட்டினார். உன் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

ஐந்து மாதம் எல்லாரிடமும் பொய் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். முதல் முறை உண்மை சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. கிளாவ்தியா காதிலும் விழுந்திருக்க வேண்டும், இரண்டு நாளாக என்னைத் தனியே விடுவதில்லை. ஆறாம் தேதி விமானம்.

அண்ணா, இடது பாதம்தான். நடுவில், கட்டைவிரலுக்கு மேலே. சத்தியமாகச் சொல்கிறேன். நீயாவது நம்பு.

மத்வேய்


பெர்ம்
பிப்ரவரி 2

தம்பி,

நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. ரயில் பெண் கையைப் பிடித்து, ஸோயாவைத் தவிர யாரிடமும் கொடுக்காதே என்று கெஞ்சியிருக்கிறேன்.

ஒலிம்பிக் நடக்கிற ஊரில் இவர்கள் கை எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான், பனித்தளத்தின் நடு. ஆயிரக்கணக்கான ஜனமும் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்கும். விழுந்தவன் எழுந்திருக்காவிட்டால் அந்த ஊர் டாக்டர்தான் ஓடிவருவான். அவன் படம் எடுப்பான், அவனைத் தடுக்கத் துணைத் தலைவருக்கு முத்திரை கிடையாது. ஆகவே முதல் தாவலிலேயே விழு. பக்கவாட்டில், இடுப்பில் விழு, நான் உனக்கு உறைந்த குளத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி. விழுந்ததும் எழுந்திருக்காதே. இசை ஓடட்டும். கிளாவ்தியா கத்துவாள், கத்தட்டும். அந்தக் காலால் முழு நான்கரை நிமிஷம் ஆடினால் அப்புறம் உனக்கு ஊன்றுகோல்தான்.

ஒலிம்பிக்கில் போய் விழு என்று உன்னிடம் சொல்வதற்கு இந்த உலகத்திலேயே தகுதி இல்லாத ஆள் நான்தான். இதைப் படிக்கும்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நினை. என்னை என்ன வேண்டுமானாலும் நினை. ஆனால் விழு.

நஸார் லாப்தேவ்


மருத்துவமனை
பிப்ரவரி 18

அண்ணா,

அம்மா டிவியில் பார்த்திருப்பாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல். இதை, எனக்கு முன்னால் ஊர் திரும்புகிற சக வீரன் ஒருவனிடம் ஸோயா அக்காவுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. பூட்ஸுக்குள் வைத்து விமானத்தில் எடுத்துப் போனேன். கழிவறையில் வைத்துப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் உறையை ஒட்டிவிட்டுச் சந்தோஷப்பட்டவன்தான் கண்முன்னே வந்தான். இவன் பேச்சைக் கேட்டு விழக் கூடாது, செத்தாலும் முழுசாக ஆடியே தீர வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் இறங்கினேன். உன்னிடம் மறைப்பானேன்?

முதல் தாவலில் நின்றேன். கைதட்டல் கேட்டது. இரண்டாவதுக்கு இடது காலை ஊன்றியபோது உள்ளே ஏதோ விட்டுப்போனது. விழுந்தேன். எழுந்திருக்க முடியும் என்று தோன்றியது. ஒரு முழங்காலை ஊன்றிவிட்டேன். வேலிக்கு அப்பால் கிளாவ்தியா, "எந்திரி! எந்திரிடா!" என்று கத்திக்கொண்டே வேலியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்தால் அவள் ஜெயிப்பாள், படுத்தால் நீ ஜெயிப்பாய் என்று நினைத்தேன். அப்படியே அங்கே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் உன் பொறாமை எக்கேடு கெட்டுப் போகட்டும், என் கால் வலிக்கிறது என்று படுத்துவிட்டேன்.

இந்த ஊர் டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்பில் பழைய பிளவு, புதிய பிளவு, இரண்டும் இருக்கிறது. இன்னும் இரண்டு நிமிஷம் ஆடியிருந்தால் எலும்பு ஒருநாளும் கூடியிருக்காது என்றார். இப்போது கூடிவிடும். நடப்பேன். தாவ மாட்டேன்.

துணைத் தலைவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "உண்மையிலயே முடியலயா, இல்ல வேணும்னே படுத்தியா?" என்று கேட்டார். பத்திரிகைக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். கிளாவ்தியா கேட்கவில்லை, இந்தப் பக்கமே வரவில்லை. நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நீயும் கேட்காதே.

இருபத்தாறாம் தேதி ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா, அண்ணா. என்னால் தனியாக இறங்க முடியாது.

மத்வேய்